பார்ன் டான்ஸ் அலங்கார வாடகை: 1,540 டாலர் போனது, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் தொலையட்டும் என்று விட்டுவிடுவேன், எங்களை ஏமாற்றிய அலங்காரக்காரிக்கு வேண்டியதும் அதுதான். போனது 1,540 டாலர். அமெரிக்காவில் இது கிராஜுவேஷன் பார்ட்டி காலம், நம் ஆட்கள் பலர் இப்போது ஹாலை விட்டுவிட்டுப் பண்ணை, கொட்டகை, தோட்டம் என்று வெளியிடங்களில் விழா வைக்கிறார்கள். "ரஸ்டிக் அலங்காரம் வாடகைக்கு" (ரஸ்டிக் என்றால் நாட்டுப்புறப் பாணி) என்று ஆன்லைனில் தேடினால் பக்கம் பக்கமாக வந்து விழுகிறது, அதில் ஒன்றிடம்தான் சிக்கினோம். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி அலங்காரம் வாடகைக்கு எடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஒஹாயோவில். மகள் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டாள். ஹால் வேண்டாம், டிஜே வேண்டாம், பார்ன் டான்ஸ்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தெரியாதவர்களுக்கு: பார்ன் டான்ஸ் என்றால் பண்ணைக் கொட்டகை ஆட்டம், அதில் முக்கியமானது ஸ்கொயர் டான்ஸ். நான்கு ஜோடிகள் சதுரமாக நின்றுகொள்ள, 'காலர்' என்று ஒருவர் மைக்கில் அடுத்தடுத்த அசைவைச் சொல்லிக்கொண்டே போவார், எட்டுப் பேரும் அதன்படி ஆட வேண்டும். இங்கே பல பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டுக்கு ஜாஸ் இசை என்றாலே ஆகாது, அதற்கு மாற்றாக 1920களில் தன் பணத்தைக் கொட்டி இந்த ஆட்டத்தைப் பள்ளிகளுக்குள் பரப்பினார். வேடிக்கை என்னவென்றால் பழைய காலத்துப் பண்ணைக்காரர்கள் இதற்கென்று தனியாக ஒன்றும் ஜோடித்ததில்லை. கொட்டகையில் ஏற்கெனவே கிடந்த வைக்கோல் கட்டு, மரப்பீப்பாய், விளக்கு எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு ஆடினார்கள். அதே சாமான்களை இப்போது நாம் வாடகை கொடுத்து வரவழைக்கிறோம், அதிலும் ஏமாற்றுகிறார்கள்.

பக்கத்துப் பண்ணைக்காரர் நல்ல மனிதர், வயதானவர். கொட்டகைக்கு முன்னால் இருக்கும் புல்வெளியைச் சும்மாவே தருகிறேன் என்றார். நிபந்தனை ஒன்றே ஒன்று: கொட்டகைக்கு உள்ளேயும் பக்கத்திலும் மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு எதுவும் கூடாது. உள்ளே குளிர்காலத்துக்கான தீவனம் அடுக்கி வைத்திருக்கிறார், ஒரு பொறி போதும்.

பழைய சாமான் முதல் வீட்டு வாடகை வரை எல்லாம் கைமாறும் ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில்தான் அந்த அலங்காரக்காரியின் பக்கம் கிடைத்தது. படங்கள் பிரமாதம். சிவப்புக் கொட்டகை, மேலே குறுக்கும் நெடுக்குமாக விளக்குச் சரம், கட்டம் போட்ட விரிப்பு, மேசன் ஜாடி என்கிற கண்ணாடி ஜாடிகளில் காட்டுப்பூ. கீழே பாராட்டுகள் வரிசையாக இருந்தன. ஆனால் நான் நம்பியது படத்தையோ பாராட்டையோ பார்த்து அல்ல. அவள் கேட்ட கேள்விகளைப் பார்த்துத்தான்.

போனில் முதலில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்கவில்லை, "எத்தனை சதுரம் ஆடப் போகிறார்கள்?" என்று கேட்டாள். ஒரு சதுரத்துக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியாவது வேண்டும், நான்கு சதுரம் என்றால் இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு அடி தளம் போடலாம், புல்லில் ஆடினால் குதிகால் புதைந்து யாராவது காலைச் சுளுக்கிக்கொள்வார்கள், நான் பிளைவுட் பலகைத் தளம் கொண்டுவருகிறேன் என்றாள். காலர் எந்தப் பக்கம் நிற்பார், வெயில் எந்தப் பக்கம் இறங்கும், ஆடுபவர்கள் கண்ணில் அடிக்குமா என்று கேட்டாள். உலர்புல் கட்டு வேண்டவே வேண்டாம், அது மாட்டுத் தீவனம், தூசியும் விதையும் கொட்டும், ஒவ்வாமை இருக்கும் பிள்ளைகள் தும்மியே ஓய்ந்துவிடுவார்கள், கோதுமை அறுத்த வைக்கோல் கட்டுதான் உட்காரச் சரி, மேலே ஒரு போர்வை போட்டுவிட்டால் தொடையில் குத்தாது என்றாள். நெருப்பு கூடாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் "எல்லாம் பேட்டரி லாந்தர்தான், கவலையே படாதீர்கள்" என்றாள். அப்புறம் வீடியோ காலில் ஒரு ஸ்டோரேஜ் யூனிட்டைத் திறந்து, அடுக்கிவைத்த ஜாடிகளையும் இரண்டு பெரிய வண்டிச்சக்கரங்களையும் காட்டினாள். மகளின் பெயரைக் கேட்டு, அதை ஒரு பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிப் படம் எடுத்து அன்றைக்கு இரவே அனுப்பினாள். எனக்கும் இதே வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்றாள். இருக்கிறதோ இல்லையோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

யோசித்துப் பாருங்கள், இவ்வளவு விஷயம் தெரிந்தவள் ஏமாற்றுவாள் என்று யாருக்குத் தோன்றும்? தொழில் தெரியாத ஆள் என்றால் பேச்சிலேயே தெரிந்துவிடும். இவளுக்குத் தொழில் நன்றாகவே தெரியும், அந்தத் தெரிந்ததைத்தான் தூண்டிலாகப் போட்டாள்.

மொத்தம் 1,840 டாலர் பேசினோம். தேதியைப் பிடித்துவைக்க 300 டாலர், அது அந்தச் சந்தையின் தளத்திலேயே கிரெடிட் கார்டில் கட்டியது. மீதி 1,540. விழாவுக்கு முன்னால் முழுப்பணமும் வாங்குவது இந்தத் தொழிலில் சகஜம்தான், கூடாரம் போடுகிறவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். சாமான் வருவதற்கு முந்தின நாள் அழைத்து, "டிரக்கும் ஆட்களும் தயார், மீதியை அனுப்பினால் ஏற்றிவிடுவோம், கார்டு என்றால் கூடுதல் கட்டணம் விழும், வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் செயலியில் போட்டுவிடுங்கள்" என்றாள். 1,540 டாலர் கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. "வந்துவிட்டது, நன்றி அன்பே" என்று ஒரு இதயப் படத்தோடு செய்தி வேறு.

மறுநாள் சாயங்காலம் டிரக் வந்தது. அவள் வரவில்லை, இரண்டு பையன்கள் மட்டும். அவசர அவசரமாக இறக்கினார்கள், போனை நீட்டி "சாமான் வந்ததற்கு ஒரு கையெழுத்து" என்று என் வீட்டுக்காரரிடம் விரலால் கிறுக்க வைத்தார்கள், கிளம்பிவிட்டார்கள். பலகைத் தளம் எங்கே என்று கேட்டதற்கு, அது கனம், காலையில் இரண்டாவது வண்டியில் வருகிறது என்றார்கள்.

இறங்கியதைச் சொல்கிறேன். முப்பது கட்டு பேசி வந்தது பதினெட்டு, அதுவும் வைக்கோல் இல்லை, உலர்புல். எது வேண்டவே வேண்டாம் என்று அவளே எனக்குப் பாடம் நடத்தினாளோ அதே உலர்புல்! கயிற்றை விலக்கிக் கையை உள்ளே விட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்தால் விரலெல்லாம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணத் தூள், அடைத்துவைத்த ஈரத்துணியின் நாற்றம். பண்ணைக்காரர் வந்து தானும் கையை விட்டுப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. ஈரம் காயாமல் கட்டிய புல் உள்ளுக்குள்ளேயே சூடேறும், ஈரம் இருபது சதவீதத்தைத் தாண்டினாலே ஆபத்து, அப்படியே அடுக்கிவைத்தால் தானாகத் தீப்பிடித்துவிடும், கொட்டகைகள் எரிவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்றார். உடனே எல்லாவற்றையும் கொட்டகையிலிருந்து தூரத்தில், திறந்த வெளியில் தனித்தனியாகக் கொண்டுபோய்ப் போடச் சொன்னார். ஒவ்வொன்றும் ஈரத்தில் என்ன கனம்! விருந்துக்கு முந்தின இரவு நானும் அவரும் என் கொழுந்தனும் பூஞ்சணம் பிடித்த புல்லை இழுத்துக்கொண்டிருந்தோம்.

பேட்டரி லாந்தர் என்றது, திரி போட்ட மண்ணெண்ணெய் லாந்தர். பெட்டியைத் திறந்ததுமே வாடை. பண்ணைக்காரர் பார்ப்பதற்குள் மூடிக் காரில் வைத்துவிட்டோம். சாக்குத்துணி விரிப்புகள் அலசாத புதுச் சாக்கு, சணல் நூற்கும்போது எண்ணெய் விடுவார்கள் அல்லவா, அந்த நாற்றம் போகவே இல்லை. சாப்பாட்டு மேஜையில் அதை எப்படி விரிப்பது? மரப்பீப்பாய் என்று வந்தவை பழுப்புச் சாயம் அடித்த பிளாஸ்டிக். மேசன் ஜாடிகள் நான்கு டஜன் சொல்லி இரண்டரை டஜன் வந்தது, அதிலும் சிலவற்றில் வாய் விளிம்பு சிதறியிருந்தது. பிள்ளைகள் வாய் வைத்துக் குடிக்கிற சாமான்! வீடியோவில் காட்டிய வண்டிச்சக்கரங்கள் வரவே இல்லை.

எனக்கு இன்னும் வயிறு எரிவது விளக்கு விஷயத்தில். தூண்களில் சுற்றுவதற்கு அனுப்பிய சீரியல் செட்டின் ஒயரில் சின்னதாக ஒரு பளபளா ஒட்டுச்சீட்டு இருந்தது, பச்சை நிறம். என் கொழுந்தன் எலக்ட்ரிகல் வேலை பார்த்தவர், பார்த்த உடனே சொல்லிவிட்டார். இந்த ஊரில் யூஎல் (மின்சாமான்களைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம்) முத்திரை பச்சையாக இருந்தால் வீட்டுக்குள் மட்டும், சிவப்பாக இருந்தால்தான் வெளியேயும் போடலாம். ராத்திரிப் பனியில், புல்வெளியில், அறுபது பேர் நடமாடும் இடத்தில், வீட்டுக்குள் போடும் ஒயர்! அதை அப்படியே சுருட்டிவைத்தோம். மேலே கட்டும் பெரிய பல்புச் சரங்கள் எல்ஈடி என்று பேச்சு, வந்தது பழைய இழை பல்பு. ஒரு பல்பு 11 வாட், சரத்துக்குப் பதினைந்து பல்பு, அப்படிப் பத்து சரம், கணக்குப் போட்டால் 1,650 வாட். கொட்டகையில் இருப்பது 15 ஆம்ப் லைன், 120 வோல்ட். உச்சமே 1,800 வாட், தொடர்ந்து எரிய வேண்டுமென்றால் 1,440க்கு மேல் போகக் கூடாது. எல்ஈடி என்றால் பல்புக்கு ஒரு வாட் வைத்தாலும் 150 வாட்டோடு முடிந்திருக்கும். இருட்டில் வேறு வழி இல்லை, சரங்களைக் குறைத்துக் கட்டினோம். அப்படியும் மறுநாள் காலரின் ஸ்பீக்கரும் சேர்ந்ததும் இரண்டாவது பாட்டின் நடுவில் பிரேக்கர் விழுந்து எல்லாம் அணைந்தது. பாவம் அந்த மனிதர், தொண்டை கிழியக் கத்தி அந்தப் பாட்டை முடித்துவைத்தார். அப்புறம் விளக்கில் பாதியைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பீக்கரைப் போட முடிந்தது.

இரண்டாவது வண்டி? அது வரவே இல்லை. மொத்தப் பணத்தில் பெரும்பங்கு அதில் வர வேண்டிய பலகைத் தளத்துக்குத்தான். பிள்ளைகள் மேடு பள்ளமான புல்லில் ஆடினார்கள், ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகி ஐஸ் வைக்க வேண்டியதாகிவிட்டது, நல்லவேளை பெரிதாக ஒன்றும் இல்லை. உட்காருவதற்குப் பண்ணைக்காரர் தன்னிடமிருந்த நல்ல கோதுமை வைக்கோல் கட்டுகளைக் கொடுத்தார், பணம் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார். மகள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதற்காக 1,540 டாலரை அந்த அலங்காரக்காரிக்குத் தானம் பண்ண முடியுமா?

இனி அவளுடைய சாக்குகளைக் கேளுங்கள். விழா அன்று காலையில் அழைத்தால், டிரக் டயர் பஞ்சர், பத்து மணிக்கு வந்துவிடும். பத்து மணிக்கு மேல், டிரைவர் வழி தவறிவிட்டான். மத்தியானம் போன் எடுக்கவே இல்லை, "மீட்டிங்கில் இருக்கிறேன்" என்று தானாகப் போகும் செய்தி மட்டும். சனிக்கிழமை மத்தியானம் அலங்காரக்காரிக்கு என்ன மீட்டிங்? திங்கட்கிழமை பிடித்தேன். குரலே மாறிவிட்டது. "நீங்கள் சாமானைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றாள். பலகையே வராதபோது எப்படிப் பெற்றுக்கொண்டதாகும் என்றேன். "பொருள்கள் இயற்கையானவை, கட்டுக்குக் கட்டு வித்தியாசம் இருக்கும், அதுதான் ரஸ்டிக்" என்றாள். பூஞ்சணமும் ரஸ்டிக்காம்! அப்புறம் கொஞ்சம் இறங்கிவந்து, ஐந்து முதல் ஏழு வேலை நாட்களில் ஒரு பகுதி திரும்ப வரும், கணக்குப் பார்க்கும் ஆள் லீவில் இருக்கிறார் என்றாள். அடுத்த முறை, அம்மா ஆஸ்பத்திரியில், கொஞ்சம் மனிதாபிமானம் காட்டுங்கள். அதற்கு அடுத்து, என் மேல்தான் தவறாம், அவளுடைய உலர்புல்லை வெளியே போட்டுப் பாழாக்கிவிட்டேனாம், நியாயப்படி நான்தான் பணம் தர வேண்டுமாம். அதோடு எண்ணைத் தடுத்துவிட்டாள். பக்கமும் காணாமல் போய்விட்டது, அத்தனை பாராட்டுகளோடு.

அந்த ஆன்லைன் சந்தைக்கு எழுதினேன். இயந்திரம் எழுதிய பதில்: எங்கள் தளத்துக்கு வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்கு எங்கள் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது, வேறு ஏதாவது உதவி வேண்டுமா? வங்கிக்காரர்கள் இதைவிட அழகாகச் சொன்னார்கள். உங்கள் கணக்குக்குள் வேறு யாரும் நுழையவில்லை, பணத்தை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள், நீங்கள் அனுமதித்த பரிமாற்றம் இது, அதனால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. திருடன் கணக்கை உடைத்து எடுத்தால் சட்டம் துணைக்கு வருமாம், பொய் சொல்லி நம் கையாலேயே கொடுக்க வைத்தால் வராதாம். போலீசில் கேட்டால், ஏதோ சாமான் வந்திருக்கிறதல்லவா, அப்படியென்றால் இது சிவில் விவகாரம், சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போங்கள் என்கிறார்கள். ஒஹாயோவில் அங்கே 6,000 டாலர் வரை கேட்கலாம், அது சரி, சம்மனை எங்கே அனுப்புவது? ரசீதில் இருந்த முகவரிக்கு நேரில் போய்ப் பார்த்தோம், அது வாடகைத் தபால்பெட்டிக் கடை. கவுன்டரில் இருந்த பையன் வாடிக்கையாளர் விவரம் தர முடியாது என்று கையை விரித்தான்.

கொஞ்சம் நம்பிக்கை இருப்பது கார்டில் கட்டிய 300 டாலரில் மட்டும். 1974இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது, பேசியபடி பொருள் வந்துசேராவிட்டால் கார்டு நிறுவனத்திடம் எழுத்தில் ஆட்சேபிக்கலாம், அந்தத் தொகை வந்த முதல் பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் கடிதம் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். படங்களோடு அனுப்பிவிட்டேன். நுகர்வோர் மோசடிப் புகார்களை வாங்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் பதிந்தாயிற்று. முதலாவது தனி ஆளின் பணத்தை மீட்டுத் தருகிற இடம் இல்லை, தெரியும், இருந்தாலும் பதிந்தேன். 1,540 டாலர் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது உட்கார்ந்தால் எல்லாம் வசவாகத்தான் வருகிறது. அதனால் சுருக்கமாக. எவ்வளவு இனிக்கப் பேசினாலும் முழுப்பணத்தையும் கார்டில்தான் கட்டுங்கள், கூடுதல் கட்டணம் விழுந்தால் விழட்டும். டிரக் கிளம்புவதற்குள் ஒரு கட்டுக்குள்ளாவது கையை விட்டுப் பாருங்கள், சூடாகவோ ஈரமாகவோ இருந்தால் இறக்கவே விடாதீர்கள். வெளியே போடும் விளக்கில் சிவப்பு முத்திரை இருக்கிறதா, ஒரு பல்பு எத்தனை வாட், இரண்டையும் பார்க்காமல் பிளக்கில் செருகாதீர்கள். வராத சாமானைப் பட்டியலில் அடித்துக் காட்டாமல் போன் திரையில் கையெழுத்துப் போடாதீர்கள். தெருப்பெயரோடு ஒரு நிஜமான இடம் இருக்கிறதா, முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, இதுதான் அவசரம். நேற்று ராத்திரி மகளின் தோழி ஒருத்தி அதே சந்தையில் அதே படங்களைப் புதுப்பெயரில் பார்த்திருக்கிறாள், பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது. படத்தைத் தேடிப் பார்த்தால் அது வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தினுடையது. சிவப்புக் கொட்டகை, கதவின் இடது பக்கம் வெள்ளை ஏணி, பின்னால் பனி மூடிய மலை. ஒஹாயோவில் எங்கே இருக்கிறது பனிமலை? அந்த ஏணியும் மலையும் இருக்கும் படம் கண்ணில் பட்டால் அது அவள்தான், ஒரு காசு கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டவர்கள் யாராவது இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள், நாலைந்து பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் போலீஸ் இதைச் சிவில் விவகாரம் என்று தட்டிக்கழிப்பது அவ்வளவு சுலபமில்லை.